ரேஸ் ட்ரக்: பூட்டுகிற மேசையிலேயே பாதி செட்டப் முடிந்துவிடும்

கேள்வி இதுதான்: 1/10 அளவில், பின்சக்கரங்கள் மட்டும் இயங்கும் ஸ்டேடியம் ட்ரக் ஒன்றைக் கிட்டாக (நாமே பூட்ட வேண்டிய தனித்தனிப் பாகங்களாக) வாங்கியாயிற்று. இதுவரை ஓட்டியதெல்லாம் பெட்டியைத் திறந்ததும் ஓடுகிற ஆர்சி (ரிமோட்டில் இயங்கும்) வண்டிகள். இனி மண் தடத்தில் பந்தயம் ஓட ஆசை. பூட்டும்போது எதில் கவனம் வேண்டும், செட்டப்பை, அதாவது தடத்துக்கு ஏற்ப வண்டியைச் சரிசெய்வதை, எங்கிருந்து தொடங்குவது?

செட்டப் என்றதும் எந்த நிற ஸ்பிரிங், எத்தனை எண் எண்ணெய், கேம்பர் (சக்கரத்தின் சாய்வு) எத்தனை டிகிரி என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். நான் அதற்கு முந்தின கேள்வியைக் கேட்பேன்: வண்டியில் அசைய வேண்டியதெல்லாம் தடையில்லாமல் அசைகிறதா? இடது பக்கம் செய்வதையே வலது பக்கமும் செய்கிறதா? இந்த இரண்டும் இல்லாத வண்டியில் நீங்கள் ஸ்பிரிங்கை மாற்றினால், வந்த மாற்றம் ஸ்பிரிங்கால் வந்ததா, எங்கோ இறுகிக் கிடக்கும் ஆர்மால் (சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் அசையும் கையால்) வந்ததா என்று கண்டுபிடிக்கவே முடியாது. ஆகவே இந்தப் பதிலில் பாதிக்கு மேல் பூட்டுவதைப் பற்றித்தான் இருக்கும்.

முதலில் கருவிகள். 1.5, 2.0, 2.5 மி.மீ. ஹெக்ஸ் டிரைவர்கள் மூன்றும் நல்ல எஃகில் இருக்கட்டும். கிட்டோடு வரும் எல் வடிவச் சாவியால் பூட்டினால் திருகின் தலை சீக்கிரம் வட்டமாகிவிடும். அப்புறம் அதைக் கழற்றுவது ஒரு நாள் வேலை. கூடவே ஒரு வெர்னியர் காலிப்பர் வாங்குங்கள். பளபளக்கும் அலுமினிய உதிரிபாகங்களுக்கு வைத்திருக்கும் பணத்தை இந்த இரண்டுக்கும் செலவு செய்தால் வண்டி உண்மையிலேயே வேகமாகும்.

கிட்டில் பாகங்கள் எண்ணோ எழுத்தோ போட்ட பைகளில் வரும். ஒரு நேரத்தில் ஒரு பையை மட்டும் பிரியுங்கள். பிளாஸ்டிக்கில் திருகு ஏற்றும்போது இறுக்கம் வந்த இடத்தோடு நிறுத்திவிட வேண்டும். இன்னும் கால் சுற்று போகிறதே என்று முடுக்கினால் மரை கழன்றுவிடும். மனிதனுக்கானாலும் பிளாஸ்டிக்குக்கானாலும் கழன்ற மரை திரும்புவது கடினம். ஒருமுறை கழற்றிய திருகைத் திரும்பப் போடும்போது, முதலில் அரைச் சுற்று பின்னோக்கித் திருப்புங்கள். 'டிக்' என்று பழைய மரையில் உட்காருவது விரலுக்குத் தெரியும். அதன்பின் முன்னோக்கி ஏற்றுங்கள். இந்தச் சின்னப் பழக்கம் ஒரு சேசிஸின் ஆயுளைப் பல மடங்கு கூட்டும்.

உலோகத்தில் உலோகம் சேரும் இடத்தில் மட்டும் நீல நிறத் த்ரெட்லாக் (திருகு தளராமல் பிடிக்கும் பசை) ஒரு துளி. பிளாஸ்டிக்கில் வேண்டாம், சில பிளாஸ்டிக்குகளை அது விரிசல் விடச் செய்யும். மோட்டார் திருகுகள், பினியனின் (மோட்டார் அச்சில் மாட்டும் சின்னப் பல்சக்கரத்தின்) சின்ன நிறுத்தத் திருகு, இவை இரண்டையும் மறக்கவே கூடாது. ஒரு இறுதிப் பந்தயத்தில் நான் மூன்றாவதாக ஓடிக்கொண்டிருந்தேன். திடீரென்று மோட்டார் வீரிட்டது, வண்டியோ நடுத்தடத்தில் சிலை மாதிரி நின்றது. நிறுத்தத் திருகை மோட்டார் அச்சின் தட்டையான பக்கத்தில் இறுக்காமல் வட்டப் பக்கத்தில் இறுக்கியிருக்கிறேன், த்ரெட்லாக்கும் போடவில்லை. பினியன் வழுகிப் போய்விட்டது. இரண்டு நிமிட வேலையைச் செய்யாமல் விட்டதற்குக் கிடைத்த பலன்.

அடுத்து ஆர்ம்கள். கீழ் ஆர்மைப் பின்னோடு சேர்த்து மாட்டியதும், ஷாக் மாட்டும் முன், கையால் தூக்கி விடுங்கள். தன் எடையிலேயே 'பொத்'தென்று விழ வேண்டும். மெதுவாக இறங்கினாலோ பாதியில் நின்றாலோ துளை இறுக்கம் என்று பொருள். ரீமர் இருந்தால் பின்னின் அளவுக்குத் துளையைச் சீராக்கலாம். இல்லையென்றால் பின்னைத் துளையில் பல தடவை ஏற்றி இறக்கித் தேய்க்கலாம். விழுகிறது, ஆனால் முன்னும் பின்னும் ஆடுகிறது என்றால் மெல்லிய ஷிம் (வளையத் தகடு) ஒன்று போதும். கேம்பர் லிங்கின் (சக்கரத்தை மேலே பிடித்திருக்கும் கம்பியின்) பந்து மூட்டுகளும் இப்படித்தான். மூட்டு இறுக்கமாக இருந்தால், பந்தின் மேல் மாட்டிய நிலையிலேயே இடுக்கியால் லேசாக ஒரு அழுத்து அழுத்துங்கள், வழிக்கு வந்துவிடும். டர்ன்பக்கிளில் (திருப்பினால் நீளம் மாறும் அந்தக் கம்பியில்) ஒரு முனை இடது மரை, மறுமுனை வலது மரை. எது எந்தப் பக்கம் என்று காட்ட நடுவில் ஒரு கோடு செதுக்கியிருக்கும். எல்லா டர்ன்பக்கிளிலும் அந்தக் கோடு வண்டியின் இடது பக்கமே இருக்கும்படி மாட்டுங்கள். அப்படிச் செய்தால் தடத்து ஓரத்தில் அவசரமாகச் சரிசெய்யும்போது எந்தப் பக்கம் திருப்பினால் நீளும் என்று யோசித்து நிற்க வேண்டியதில்லை.

டிஃபரன்ஷியலுக்கு, அதாவது வளைவில் இரண்டு பின்சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃப்புக்கு வருவோம். இந்த வகை ட்ரக்குகளில் இரண்டு விதம் உண்டு: எண்ணெய் நிரப்பும் கியர் டிஃப், சின்னக் குண்டுகள் உருளும் பால் டிஃப். கியர் டிஃப்பில் பெரிய சூட்சுமம் இல்லை. சீல் வளையங்களுக்குக் கிரீஸ் தடவி, உள்ளே இருக்கும் குறுக்குப் பின் மூழ்கும் அளவுக்குச் சிலிக்கான் எண்ணெய் ஊற்றுங்கள். விளிம்பு வரை நிரப்பினால் சூட்டில் விரிந்து கசியும். கெட்டியான எண்ணெய் போட்டால் இரண்டு பின்சக்கரங்களும் கூட்டாளிகள் போலச் சேர்ந்து தள்ளும், வளைவிலிருந்து நேராக வெளியே வரும். ரொம்பக் கெட்டியானால் வழுக்குத் தடத்தில் பின்பக்கம் சொல்லாமல் கொள்ளாமல் விலகும். ரொம்ப நீர்த்திருந்தால் வளைவில் எடை குறைந்த உள்சக்கரம் சும்மா சுற்றிச் சக்தியை வீணாக்கும். கையேடு சொல்லும் எண்ணிலேயே தொடங்குங்கள்.

பால் டிஃப்தான் பொறுமையைச் சோதிக்கும். பூட்டியதும் ஒரேயடியாக இறுக்கக் கூடாது. பாதி இறுக்கி, ஒரு சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு மோட்டாரை மெதுவாகச் சில நிமிடம் ஓட்டுங்கள். அப்புறம் கொஞ்சம் இறுக்கி, திரும்ப ஓட்டுங்கள். குண்டுகள் வளையத்தில் தங்களுக்கான தடத்தைப் பதித்துக்கொண்ட பிறகுதான் அது பட்டுப்போலச் சுற்றும். கடைசியாக எவ்வளவு இறுக்குவது? இரண்டு பின்சக்கரங்களையும் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கட்டைவிரலால் ஸ்பர் கியரை (பினியன் சுழற்றும் பெரிய பல்சக்கரத்தை) சுற்றப் பாருங்கள். வழுக்கினால் அது ஸ்லிப்பர் கிளட்ச்சிலிருந்து (அடுத்து விளக்குகிறேன்) வழுக்க வேண்டும், டிஃப்பிலிருந்து அல்ல. டிஃப் முந்திக்கொண்டு வழுக்கினால் குண்டுகள் வளையத்தைச் சுரண்டிப் பள்ளம் போட்டுவிடும். பிறகு எத்தனை கிரீஸ் தடவினாலும் கரகரப்பு போகாது.

ஸ்லிப்பர் என்பது ஸ்பர் கியருக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே இருக்கும் உராய்வுத் தட்டு. குதித்து இறங்கும்போது வரும் அடியை அதுதான் முதலில் வாங்கிக்கொள்ளும். தடத்தில் வண்டியை நிறுத்தி முழு வேகம் கொடுத்தால், முதல் 60 முதல் 90 செ.மீ. வரை 'ஸ்ஸ்' என்று ஒரு சீறல் கேட்க வேண்டும். அதற்கு மேல் கேட்டால் ரொம்பத் தளர்வு. கேட்கவே இல்லையென்றால் ரொம்ப இறுக்கம். கியர் பல் பறிபோகலாம்.

கியர் மெஷ், அதாவது பற்கள் ஒன்றையொன்று கடிக்கும் நெருக்கம் பற்றி இரண்டு வரி. பினியனுக்கும் ஸ்பருக்கும் இடையே மெல்லிய காகிதத் துண்டைக் கடிக்கவிட்டு மோட்டாரை முடுக்கி, பிறகு காகிதத்தைச் சுற்றி எடுத்துவிடுங்கள். ஸ்பரை லேசாக ஆட்டினால் நூலளவு இடைவெளி தெரிய வேண்டும். எந்த ஸ்பரும் துல்லியமான வட்டம் கிடையாது. ஒரே இடத்தில் பார்க்காமல் கால் சுற்றுக்கு ஒரு முறை பாருங்கள்.

இனி ஷாக். ஒரு முழு மாலையை இதற்கென்றே ஒதுக்குங்கள். நான் பார்த்த வரையில் புதியவர்களின் வண்டி துள்ளுவதற்குத் தப்பான எண்ணெய் அபூர்வமாகத்தான் காரணம். நான்கு ஷாக்கும் நான்கு விதமாக இருப்பதுதான் காரணம். சீல் வளையங்களுக்குக் கிரீஸ் தடவிவிட்டுத்தான் தண்டை உள்ளே நுழைக்க வேண்டும், இல்லாவிட்டால் மரை முனை சீலைக் கிழித்துவிடும். கீழ்முனை பிளாஸ்டிக்கை ஏற்றுவதற்குத் தண்டை இடுக்கியால் நேராகப் பிடிக்காதீர்கள்; ஒரு கீறல் போதும், அந்த ஷாக் எப்போதும் அழுதுகொண்டே இருக்கும். தண்டின் மழுமழுப்பான பகுதியைத் தொடாமல் மரைப் பகுதியைப் பிடியுங்கள், அல்லது தண்டு பிடிக்கவென்றே இருக்கும் இடுக்கியை வாங்குங்கள். நான்கு தண்டிலும் கீழ்முனை எத்தனை மரை ஏறியிருக்கிறது என்பதைக் காலிப்பரால் அளந்து, முன்னால் இரண்டும் ஒன்று, பின்னால் இரண்டும் ஒன்று என்று ஆக்குங்கள். இதில் ஒரு மி.மீ. வேறுபட்டாலே வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும்.

எண்ணெயை விளிம்பு வரை ஊற்றி, பிஸ்டனை மெதுவாக மேலும் கீழும் நகர்த்துங்கள். மேற்பரப்புக்கு மேலே வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குமிழிகள் வரும். அப்படியே பத்து நிமிடம் வைத்துவிட்டுப் போங்கள், அவசரப்பட்டால் காற்று உள்ளேயே தங்கிவிடும். பிறகு ரப்பர் மூடியோடு தலையைப் பாதி திருகி, தண்டை மெதுவாக மேலே தள்ளுங்கள். மிச்ச எண்ணெய் மரை வழியாக வழியும். தண்டு மேலே இருக்கும்போதே தலையை இறுக்குங்கள். இப்போது தண்டை முழுக்க அழுத்தி விட்டால் எவ்வளவு வெளியே திரும்பி வருகிறது என்று பாருங்கள். அதுதான் ரீபவுண்ட். அது எவ்வளவு என்பதை விட ஜோடி ஷாக் இரண்டிலும் ஒரே அளவா என்பதே முக்கியம். இரண்டையும் முனையோடு முனை சேர்த்து இரு கைகளால் ஒன்றையொன்று அழுத்திப் பாருங்கள். இரண்டும் ஒரே வேகத்தில் சுருங்கினால் சரி. ஒன்று முந்தினால் அவிழ்த்துத் திரும்பச் செய்யுங்கள். ஆமாம், திரும்ப.

எண்ணெயின் எண்ணில் ஒரு குழப்பம் இருக்கிறது. 'வெயிட்' என்று போட்ட எண் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். டீம் அசோசியேட்டட் எண்ணெயில் 30 வெயிட் என்றால் 350 சென்டிஸ்டோக்ஸ் (கெட்டித்தன்மையின் அலகு), 35 என்றால் 425, 40 என்றால் 500. வேறு ஒருவருடைய 30 இதே கெட்டித்தன்மையில் இருக்கும் என்று நம்ப முடியாது. ஆகவே சென்டிஸ்டோக்ஸ் எண்ணையே பாருங்கள், முடிந்தால் ஒரே நிறுவனத்தோடு இருங்கள். வெயில் ஏறினால் எண்ணெய் நீர்க்கும், குளிரில் கெட்டியாகும். காலையில் அருமையாக ஓடிய வண்டி மதியம் தொளதொளவென்று ஆனால் உங்கள் மேல் தப்பில்லை. ஒரு படி கெட்டியான எண்ணெய் போடுங்கள்.

பிஸ்டனில் இருக்கும் துளைகளின் வேலை வேறு. பெரிய குதியிலிருந்து இறங்கும் கணத்தில் எண்ணெய் அந்தத் துளை வழியாகப் பாய வழியில்லாமல் திணறும். ஷாக் ஒரு நொடி கட்டை போல ஆகிவிடும். துளை சின்னதாக இருந்தால் இது சீக்கிரம் நிகழும்: வயிறு தரையில் அடிப்பது குறையும், ஆனால் கரடுமுரடான இடத்தில் சக்கரம் தரையைவிட்டுத் துள்ளும். துளை பெரிதானால் மேடுபள்ளத்தில் தரையோடு ஒட்டி ஓடும், பெரிய குதியில் சேசிஸ் இடிக்கும். பெரிய குதிகள் உள்ள சீரான தடத்துக்கும் குதியில்லாத குண்டும் குழியுமான தடத்துக்கும் ஒரே பிஸ்டன் ஒத்துவராததற்கு இதுதான் காரணம்.

மின்சாமான்களை வேகமாகக் கடந்துவிடலாம். சர்வோவின் (முன்சக்கரங்களைத் திருப்பும் சின்ன மோட்டாரின்) கையை மாட்டும் முன் ட்ரான்ஸ்மிட்டரை ஆன் செய்து, ட்ரிம்மை பூஜ்ஜியத்தில் வைத்து, சர்வோ நடுவில் வந்து நின்ற பிறகே மாட்டுங்கள். சக்கரம் முழுக்கத் திரும்பிய பிறகும் சர்வோ முக்கிக்கொண்டிருந்தால் எண்ட் பாயிண்ட்டை (சர்வோ திரும்பும் எல்லையை) குறையுங்கள், இல்லையென்றால் அது வெந்துபோகும். ஈஎஸ்சியை (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டியை) ட்ரான்ஸ்மிட்டருக்குப் பழக்குங்கள். சிக்னல் போனால் வண்டி நிற்கும்படி ஃபெயில்சேஃப் வையுங்கள். மோட்டாரில் 17.5, 13.5 என்று எழுதியிருப்பது சுருளின் சுற்று எண்ணிக்கை. எண் குறையக் குறைய வேகமும் சூடும் கூடும். முதல் பந்தயங்களுக்கு 17.5 அல்லது 13.5 தாராளம். பேட்டரி 2 செல் லிப்போ என்றால் முழு சார்ஜில் 8.4 வோல்ட், எப்போதும் பேலன்ஸ் சார்ஜ் (செல்கள் சமமாக ஏறும் முறை), பக்கத்தில் ஆள் இல்லாமல் சார்ஜ் போடவே கூடாது.

எல்லாம் பூட்டியாயிற்று. இப்போது அடிப்படை நிலை. பேட்டரி, பாடி எல்லாம் மாட்டிய நிலையில் வண்டியை ஒரு சாண் உயரத்திலிருந்து சமதள மேசையில் போட்டு, அது தானாக நிற்கும் உயரத்தைச் சேசிஸின் அடியில் அளவிடுங்கள். கையேட்டு எண் இல்லையென்றால், பின்பக்க டிரைவ் ஷாஃப்ட்கள் தரைக்கு இணையாக நிற்கும் உயரம் நல்ல தொடக்கம். முன்பக்கத்தையும் அதே உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். கேம்பர் நான்கு சக்கரத்துக்கும் மைனஸ் 1 டிகிரி, அதாவது மேல்விளிம்பு லேசாக உள்ளே சாய்ந்திருக்கும். முன் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரத்தின் முன்விளிம்பு உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்) பூஜ்ஜியம் அல்லது 1 டிகிரி வெளிப்பக்கம். பின் டோ பெரும்பாலும் 3 டிகிரி உள்பக்கமாக பாகத்திலேயே வார்த்து வரும், அதைத் தொடாதீர்கள்.

இவ்வளவு சொல்லிவிட்டு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மேலே சொன்ன எல்லாவற்றையும் சரியாகச் செய்து தப்பான டயர் போட்டால், ஏனோதானோ என்று பூட்டி சரியான டயர் போட்டவர் உங்களை முந்துவார். ரேஸில் பிடிமானம் டயரிலிருந்துதான் வருகிறது, மற்றதெல்லாம் அதைத் தரையில் வைத்திருக்கத்தான். எந்தத் தடத்துக்குப் போனாலும் அங்கே வழக்கமாக ஓட்டுபவர்களின் டயரைப் பாருங்கள், வெட்கப்படாமல் பெயரும் கலவையும் கேளுங்கள். பொதுவாக, தூசி பறக்கும் உதிரி மண்ணுக்கு உயரமான முள். இறுகி மினுங்கும் களிமண்ணுக்குத் தாழ்வான, நெருக்கமான வடிவம். டயரும் ரிம்மும் ஒட்டும் விளிம்பை ஆல்கஹாலால் துடைத்து, உள்ளே ஃபோம் முறுக்கிக்கொள்ளாமல் உட்கார வைத்து, சூப்பர் க்ளூவை மெல்லிய கோடாகச் சுற்றிலும் விடுங்கள். ஒரு பக்கம் காய்ந்த பிறகே மறுபக்கம். ஒட்டாமல் விட்ட ஒரு அங்குலம் போதும், இரண்டாவது சுற்றிலேயே டயர் பிய்ந்து தனியே உருண்டு போகும்.

தடத்தில் இறங்கியதும் முதல் பேட்டரி முழுக்க எதையும் மாற்றாதீர்கள், சும்மா ஓட்டுங்கள். வளைவில் நுழையும்போது முன்பக்கம் திரும்ப மறுத்து நேரே வழுக்கினால், முன் ஸ்பிரிங்கை ஒரு படி மென்மையாக்கலாம், அல்லது பேட்டரியை முன்னே நகர்த்தலாம். பின்பக்கம் சுற்றிக்கொண்டால் பேட்டரியைப் பின்னே தள்ளுங்கள், பின் ஸ்பிரிங்கை மென்மையாக்குங்கள். பேட்டரியை நகர்த்துவது இலவசம், உடனே தெரியும்; ஆகவே எப்போதும் அதைத்தான் முதலில் செய்வேன். ஒரு நேரத்தில் ஒரே மாற்றம், அதன் பின் ஐந்தாறு சுற்று. கைக்கு இதமாகத் தோன்றுவதும் கடிகாரம் சொல்வதும் பல நேரம் ஒத்துப்போகாது. எனக்குப் பிடித்த, சுறுசுறுவென்று திரும்பும் செட்டப்பில் ஒரு காலம் ஓட்டிக்கொண்டிருந்தேன். நண்பர் ஒருவர் சுற்று நேரத்தை எடுத்துக் காட்டிய பிறகுதான், நான் மந்தம் என்று ஒதுக்கிய பழைய செட்டப் ஒவ்வொரு சுற்றிலும் வேகமாக இருந்தது புரிந்தது.

குதியைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். இதைத் தெரியாமல் செட்டப்பைக் குறைசொல்பவர்கள் அதிகம். காற்றில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரை அழுத்தினால் சக்கரங்கள் முன்னோக்கி வேகமாகச் சுழலும். அதற்கு எதிர்வினையாக வண்டியின் உடல் பின்னோக்கிச் சுழன்று மூக்கு தூக்கும். பிரேக் பிடித்தால் மூக்கு இறங்கும். மூக்கு குத்தி விழுகிற வண்டிக்கு முதல் மருந்து விரல் நுனியில்தான், ஸ்பிரிங்கில் அல்ல. 2008ல் ட்ராக்ஸஸ் ஸ்லாஷ் வந்த பிறகு பரவிய ஷார்ட் கோர்ஸ் ட்ரக்குகளில் இன்னொரு தொல்லையும் சேரும்: அகலமான பாடிக்குள் காற்று புகுந்து பாராசூட் போலத் தூக்கும். அதற்காகத்தான் அவற்றின் பாடியில் பின்பக்கம் ஓட்டை வெட்டுகிறார்கள். உங்கள் ஸ்டேடியம் ட்ரக்குக்கு அந்தக் கவலை குறைவு.

கியரிங்கை மோட்டாரின் சூடு தீர்மானிக்கட்டும். ஸ்பர் பற்களைப் பினியன் பற்களால் வகுத்து, கியர்பாக்ஸின் உள்விகிதத்தால் பெருக்கினால் இறுதி விகிதம் வரும். ஸ்பர் 72, பினியன் 24, உள்விகிதம் 2.6 என்றால் 7.8. உங்கள் மோட்டாருக்குத் தயாரிப்பாளர் சொல்லும் விகிதத்தில் தொடங்கி, ஐந்து நிமிடம் ஓட்டி இறக்கியதும் வெப்பமானியால் பாருங்கள். 70 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பினியனில் ஒரு பல் குறையுங்கள். சூட்டில் காந்தம் வலுவிழந்தால் திரும்பாது, புது ரோட்டர்தான். சூடு நன்றாகக் குறைவாக இருந்து, நீண்ட நேர்க்கோட்டில் வண்டி மூச்சுமுட்டினால் ஒரு பல் கூட்டிப் பார்க்கலாம்.

முதல் நாள் முடிந்து வீட்டுக்கு வந்ததும் பேட்டரியைச் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் நிறுத்தி வையுங்கள். பிறகு வண்டியைத் தலைகீழாகத் திருப்பி எல்லாத் திருகையும் ஒரு சுற்று பாருங்கள். புது வண்டியில் நாலைந்தாவது தளர்ந்திருக்கும். டிஃப்பும் ஸ்லிப்பரும் முதல் ஓட்டத்தில் பழகி லேசாகத் தளரும், மேலே சொன்ன கட்டைவிரல் சோதனையை மறுபடி செய்யுங்கள். ஷாக்கின் கீழ் மூடியைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கோடு மண் ஒட்டியிருந்தால் அந்த ஒன்றை மட்டும் அவிழ்த்து சீலைப் பாருங்கள். கரகரக்கிற பேரிங் இருந்தால் அதை எண்ணெய் விட்டுச் சமாளிக்காமல் மாற்றிவிடுங்கள்.